ஓய்வுக்கும் பயிற்சி வேண்டும்!

அரசுப் பணியாளர் ஒருவர் எப்போது பணிநிறைவு பெறுகிறார் என்பதை விதிகள் துல்லியமாகச் சொல்கின்றன: உரிய வயதை எட்டும் மாதத்தின் கடைசி நாள், பிற்பகல். அன்று முற்பகல் வரை அவருடைய கையொப்பத்துக்காகக் கோப்புகள் காத்திருக்கும், பார்வையாளர்கள் காத்திருப்பார்கள். மாலையில் பொன்னாடை, சந்தன மாலை, நினைவுப் பரிசு, அவர் இல்லாத அலுவலகத்தை எண்ணிப் பார்க்கவே முடியவில்லை என்னும் வாழ்த்துரைகள். மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த அலுவலகம் வழக்கம்போல் இயங்கத் தொடங்கிவிடுகிறது. இவர்தான் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, நாளிதழின் ஒப்பந்தப்புள்ளி விளம்பரங்கள் வரை வாசித்து முடித்துவிட்டு, இனி என்ன செய்வது என்று யோசிக்கிறார்.

ஓய்வூதியக் கருத்துருவை அலுவலகம் பல மாதங்களுக்கு முன்பே தயாரிக்கத் தொடங்குகிறது. பணிப்பதிவேடு சரிபார்க்கப்படுகிறது, விடுப்புக் கணக்கு முடிக்கப்படுகிறது, நிலுவை ஏதுமில்லை என்ற சான்று பெறப்படுகிறது. பணிநிறைவு பெறுபவரின் மனத்தைத் தயார் செய்வதற்கான தாள் மட்டும் எந்தக் கோப்பிலும் இல்லை.

நான் சார்ந்த பொருளியல் துறையும் இதில் பெரிதாக உதவவில்லை. 1985-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற பிராங்கோ மோடிக்லியானியின் 'வாழ்க்கைச் சுழற்சிக் கருதுகோள்' எல்லாப் பாடநூல்களிலும் உண்டு. மனிதன் உழைக்கும் காலத்தில் சேமிக்கிறான். உழைப்பு ஓய்ந்த காலத்தில் அந்தச் சேமிப்பைச் செலவிடுகிறான். இவ்வாறு வாழ்நாள் முழுவதும் தன் நுகர்வை ஏறத்தாழச் சீராக வைத்துக்கொள்கிறான் என்பது அதன் சாரம். பல ஆண்டுகள் கரும்பலகையில் அந்த வரைபடத்தை வரைந்திருக்கிறேன். வருமானக் கோடு ஓரிடத்தில் செங்குத்தாக விழும். நுகர்வுக் கோடு அதைப் பொருட்படுத்தாமல் நேராகச் செல்லும். அழகான வரைபடம்தான். கோடு விழும் அந்தப் புள்ளியில் நிற்கும் மனிதர்தான் அதில் இல்லை. முறையாக ஓய்வூதியம் பெறுபவரும், சொந்த வீடு உள்ளவரும், பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டவரும் ஓய்வுக்குப் பின் வாடிப் போவதை அந்த வரைபடத்தால் விளக்க முடியாது.

உளவியலாளர்கள் இதைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். 1967-இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரே என்னும் அமெரிக்க மருத்துவர்கள் வாழ்க்கை மாற்றங்கள் தரும் அழுத்தத்தை அளக்க 43 நிகழ்வுகள் கொண்ட பட்டியல் ஒன்றை உருவாக்கினர். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100 புள்ளிகள். திருமணத்துக்கு 50. பணி ஓய்வுக்கு 45. திருமணத்துக்காக இரு குடும்பங்கள் ஓராண்டு ஓடியாடித் தயாராகின்றன; அதற்குச் சற்றே குறைவான அதிர்வைத் தரும் ஓய்வுக்கு நாம் ஒரு மாலை நேர விழாவுடன் நிறுத்திக்கொள்கிறோம்.

வேலை நமக்கு ஊதியத்தைத் தவிர வேறு எவற்றையெல்லாம் தந்துகொண்டிருந்தது? இதற்கான தெளிவான விடை ஓய்வைப் பற்றிய ஆய்விலிருந்து வரவில்லை; வேலையிழப்பைப் பற்றிய ஆய்விலிருந்து வந்தது. வியன்னாவுக்கு அருகில் மரியென்தால் என்னும் சிற்றூர். ஊரே ஒரு நூற்பாலையை நம்பியிருந்தது. 1929-இல் தொடங்கிய நெருக்கடியில் ஆலை மூடப்பட்டது. மாரி யஹோடா, பால் லாசர்ஸ்பெல்டு, ஹான்ஸ் சைசல் ஆகியோர் அங்கு ஆய்வு செய்து 1933-இல் நூலாக வெளியிட்டனர். அவர்கள் கண்டவற்றில் என்னைத் திடுக்கிட வைத்தது, நூலகக் கணக்கு. ஊராரிடம் இப்போது நேரம் தாராளமாக இருந்தது. நூலகக் கட்டணமும் நீக்கப்பட்டது. ஆனாலும் இரவல் வாங்கப்பட்ட நூல்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆண்களில் பெரும்பாலோர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டிருந்தனர். தெருவில் நடக்கும்போது அடிக்கடி நின்றனர். நடையின் வேகம் குறைந்திருந்தது. காலையில் எழுந்ததற்கும் நண்பகல் உணவுக்கும் இடையில் என்ன செய்தோம் என்று பலரால் சொல்ல முடியவில்லை.

ஓய்வு பெற்றதும் படிக்க வேண்டும் என்று நூல்களை வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்திருப்பவர்கள் இந்தச் செய்தியை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்க்கலாம். நேரம் நிறையக் கிடைப்பதால் மட்டும் எவரும் படித்துவிடுவதில்லை.

யஹோடா பின்னர் இதை விரிவாக்கினார். வேலை நாளுக்கு ஒரு சட்டகம் தருகிறது. குடும்பத்துக்கு வெளியே மனிதர்களுடன் பழக வைக்கிறது. நம்மைவிடப் பெரிய ஒரு நோக்கத்தில் நம்மைச் சேர்க்கிறது. 'நான் இன்னார்' என்னும் அடையாளத்தைக் கொடுக்கிறது. மனம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நம்மை இயங்க வைக்கிறது. இவை ஐந்தும் ஊதியப் பட்டியலில் அச்சாவதில்லை. அதனால்தான் அவை நிற்கும்போது எது நின்றுபோனது என்றே நமக்குப் புரிவதில்லை. கல்லூரியில் மணி அடித்தால் எழுந்து நடப்பது முப்பதாண்டுப் பழக்கம். ஓய்வுக்குப் பிந்தைய முதல் ஜூன் மாதத்தில், எந்த மணியும் அடிக்காத வீட்டில், ஒரு பாடவேளை முடியும் நேரத்துக்கு என் கால்கள் தாமாக எழுந்ததைக் கவனித்திருக்கிறேன். அதை ஏக்கம் என்று சொல்ல மாட்டேன். உடம்பு இன்னும் பழைய கால அட்டவணையில் இருந்தது, அவ்வளவுதான்.

மரியென்தாலில் பெண்கள் ஆண்களைவிட வேகமாக நடந்தார்கள் என்பதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். அவர்களுக்கும் ஆலை வேலை போயிருந்தது. ஆனால் அடுப்பும் துவைப்பும் பிள்ளைகளும் அவர்கள் நாளுக்குரிய சட்டகத்தைக் கலையவிடவில்லை. நம் வீடுகளிலும் இதே காட்சிதான். ஓய்வு பெற்ற ஆசிரியையிடம் 'இனிப் பொழுது எப்படிப் போகும்?' என்று எவரும் கேட்பதில்லை. அவருக்கான இரண்டாவது வேலை முன்பே காத்திருக்கிறது; பேரக் குழந்தை இருந்தால் மூன்றாவதும் உண்டு.

ஆண்களின் ஓய்வு வீட்டுப் பெண்களுக்கு என்ன செய்கிறது என்பதற்கு ஜப்பானியரிடம் ஒரு சொல் உண்டு. ஓய்வு பெற்று, மனைவி போகுமிடமெல்லாம் பின்தொடரும் கணவரை அவர்கள் 'நனைந்த சருகு' என்பார்கள். துடைப்பத்தில் ஒட்டிக்கொண்டு, எவ்வளவு உதறினாலும் விழாது. அலுவலகத்தில் மேற்பார்வை செய்து பழகியவர் சமையலறையை மேற்பார்வை செய்யத் தொடங்கும்போது, அதுவரை அந்த வீட்டை நடத்திவந்த பெண்ணின் பகல் நேர விடுதலை பறிபோகிறது. மாறாக அவர் காய் வாங்கவும் அரிசி களையவும் கற்றுக்கொண்டால் என்ன ஆகும்? அமெரிக்கப் பொருளியலாளர்கள் மார்க் அகியாரும் எரிக் ஹர்ஸ்டும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பயன்படும். ஓய்வு பெற்றவர்கள் உணவுக்குச் செலவிடும் பணம் குறைகிறது. ஆனால் அவர்கள் உண்ணும் உணவின் தரமோ அளவோ குறையவில்லை. விலை பார்த்து வாங்குவதற்கும் வீட்டில் சமைப்பதற்கும் கூடுதல் நேரம் கொடுப்பதே காரணம். நேரம் பணத்துக்கு ஈடாகிறது. வீட்டு வேலையில் உண்மையாகப் பங்கெடுக்கும் ஓய்வாளர், தமக்கு ஒரு கால அட்டவணையையும் குடும்பத்துக்கு ஒரு சேமிப்பையும் ஒருசேரத் தருகிறார்.

நான் வசிக்கும் உத்திரமேரூர்ப் பகுதியில் என் வயதொத்த உழவர்கள் பலருக்கு ஓய்வு என்னும் சொல்லே அந்நியம். சொர்ணவாரி முடிந்தால் சம்பா; சம்பா முடிந்தால் நவரை. எழுபதைத் தொட்டவர் ஏரைத் தொடுவதில்லை. ஆனால் நாற்றங்காலுக்கு விதை விடும் நாளை அவர்தான் சொல்கிறார். இரவில் மடை திருப்பப் போவதை மகனிடம் விட்டிருப்பார். காலையில் வரப்பைச் சுற்றி வருவதை விட்டிருக்க மாட்டார். படிப்படியாக இறங்குகிறார். இதைப் பார்த்து நான் மயங்கிவிடவில்லை. அவர் இறங்காமல் இருப்பதற்குப் பெரும்பாலும் ஓய்வூதியம் இல்லாததே காரணம். முழங்கால் வலியோடு வயலுக்குப் போவதில் பெருமை ஏதுமில்லை. ஆனால் இறங்கும் முறை என ஒன்று அங்கே இருக்கிறது. மாதச் சம்பளக்காரர்களான நமக்கு அது இல்லை.

முன்பு இந்த ஊரிலேயே இன்னொரு முறை இருந்தது. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக அனைவரும் அறிவர். அவற்றை ஓய்வு பெற்றவனின் கண்ணோடு வாசித்தால் வேறு சில வரிகள் முன்னுக்கு வருகின்றன. 919-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, வாரியத்துக்கு வருவோர் 30 வயதுக்கு மேலும் 60 வயதுக்குள்ளும் இருக்க வேண்டும் என்றது. இரண்டே ஆண்டுகளில், 921-இல், அது 35-க்கு மேல் 70-க்குள் என மாற்றப்பட்டது. தமிழ்நாட்டில் ஓய்வு வயது 58-இலிருந்து 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்ந்தது நினைவிருக்கலாம். ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்து 1889-ஆம் ஆண்டுச் சட்டம் முதியோர் ஓய்வூதியத்துக்கு வைத்த வயது 70. 1916-இல் அது 65 ஆகக் குறைந்தது. எந்த வயதில் ஒருவர் பொறுப்பிலிருந்து விலக வேண்டும் என்பது இயற்கை வகுத்ததன்று, காலத்துக்குக் காலம் மனிதர்கள் பேசி முடிவு செய்வது என்பதற்கு இவை போதிய சான்று.

வயதைவிட முக்கியமானது, பதவிக்காலம். வாரியத்தில் ஒருவர் இருக்கும் காலம் 360 நாட்கள். அதன்பின் அவர் விலக வேண்டும். கடந்த மூன்றாண்டுகளில் எந்த வாரியத்திலும் இருந்திராதவரே மீண்டும் தேர்வு பெறத் தகுதியுடையவர். கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் மறுவாய்ப்பே இல்லை. இந்த விதிகளின் நோக்கம் ஊழலைத் தடுப்பது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதற்கு இன்னொரு விளைவும் இருந்திருக்கும் என்பது என் கருத்து. ஏரி வாரியத்தில் ஓராண்டு அதிகாரத்தோடு இருந்தவர், மறு ஆண்டு அதே ஏரிக்கரையில் சாதாரண ஊராராக நடந்திருப்பார். நல்ல உடல்வலுவுள்ள வயதிலேயே, வாழ்நாளில் பலமுறை, பதவியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பப் பழகியிருப்பார். நாம் முப்பத்தைந்து ஆண்டுகள் ஏறிக்கொண்டே போய், ஒரே ஒருமுறை, ஒத்திகை ஏதுமின்றி இறங்குகிறோம்.

அனுபவத்துக்கு அவர்கள் இடம் வைக்காமலும் இல்லை. தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்னர் இருந்தவர்கள், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்கள் ஆகியோரிலிருந்தே சம்வத்சர வாரியத்தின் பன்னிருவர் அமைந்தனர். இதைப் பொற்காலமாகக் காட்ட வேண்டியதில்லை. அது ஒரு பிராமணச் சபை. பொதுவாகக் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவருக்கே அதில் வாய்ப்பு. பெண்களுக்கும் உழுதவர்களுக்கும் அதில் இடமில்லை. ஏற்க முடியாத அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டு, பொறுப்பிலிருந்து இறங்குவதையும் பொறுப்பின் ஒரு பகுதியாகவே வகுத்த அந்த ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளலாம்.

ஓய்வு பெற்ற ஆறே மாதத்தில் போய்விட்டார் என்று ஊரில் சிலரைப் பற்றிப் பேசுவோம். ஓய்வே உயிரைக் குடிக்கிறது என்று சொல்லும் அளவுக்கு ஆய்வு முடிவுகள் ஒரே திசையில் இல்லை. கடினமான வேலையிலிருந்து விடுபட்டு உடல்நலம் தேறியவர்களும் உண்டு. ஆனால் நான் பார்த்தவரை, நன்றாக இருப்பவர்களுக்கும் வாடியவர்களுக்கும் இடையே ஒரு வேறுபாடு தெரிகிறது. நன்றாக இருப்பவருக்காக யாரோ எங்கோ காத்திருக்கிறார்கள். பொழுதுபோக்கு நமக்காகக் காத்திருப்பதில்லை. தொலைக்காட்சித் தொடர் நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஓடும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நான்கு இளைஞர்கள் மாலை ஐந்து மணிக்குக் கணக்கு நோட்டுடன் நூலகத்துக்கு வருவார்கள் என்றால், அந்த மனிதர் நான்கரைக்குச் சட்டை மாற்றிக்கொள்வார். வங்கிப் படிவம் நிரப்பத் தெரியாத மூதாட்டி செவ்வாய்தோறும் வருவார் என்றால் அதுவும் போதும். அங்கே நாற்காலியின் அதிகாரம் இருக்காது; கையொப்பத்துக்கு மதிப்பிருக்காது. பலருக்குக் கசப்பது இதுதான். சிலர் இந்தக் கசப்பைத் தாங்காமல் சங்கத் தலைவர் பதவி, விழாக்குழுத் தலைவர் பதவி என்று வேறு நாற்காலிகளைத் தேடுகிறார்கள். அது ஓய்வைத் தள்ளிப்போடுவது, ஓய்வுக்குப் பழகுவதன்று.

மத்திய அரசின் ஓய்வூதியத் துறை, பணிநிறைவை நெருங்குவோருக்கு ஆலோசனைப் பயிலரங்குகள் நடத்துகிறது. ஓய்வூதியப் படிவங்கள், முதலீடு, மின்னணு வாழ்நாள் சான்று ஆகியவையே அவற்றில் முதன்மையாகப் பேசப்படுகின்றன. தேவையானவைதான். மாநில அரசுத் துறைகளும் கல்லூரிகளும் இதில் ஒருபடி மேலே போகலாம். கடைசி ஈராண்டில் ஒருவரின் நிர்வாகப் பொறுப்புகளைச் சிறிது சிறிதாகக் குறைத்து, அடுத்து வருபவருக்குக் கற்றுக்கொடுக்கும் பணியை அவருக்கு முறையாக ஒதுக்கலாம். இதற்குக் கூடுதல் நிதி தேவையில்லை. ஓர் அரசாணை போதும். அரசாணை வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பணியில் இருக்கும்போதே சனிக்கிழமைகளில் அந்த நூலகத்துக்குப் போய் அமரத் தொடங்கலாம். அந்த நான்கு இளைஞர்களும் அவரை இன்ன அலுவலர் என்று அறிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கணக்கு சொல்லித் தருபவர் என்று அறிந்தால் போதும்.