அரசியலமைப்பின் பாதை – 9: சென்னை அரசின் மீது மூன்று வழக்குகள்

நவம்பர் 26 இந்தியாவின் அரசியலமைப்பு நாள். 395 உறுப்புகளும் 8 அட்டவணைகளும் கொண்ட அரசியலமைப்புச் சட்டத்தை அரசியல் நிர்ணய சபை 1949இல் அந்த நாளில்தான் ஏற்றது. 1979 முதல் வழக்கறிஞர்கள் அதைச் சட்ட நாளாகக் கொண்டாடி வந்தனர். அம்பேத்கரின் 125ஆம் பிறந்த ஆண்டை ஒட்டி 2015இல் மத்திய அரசு அதற்கு இன்றைய பெயரைச் சூட்டியது. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் அன்று முகப்புரையை எழுந்து நின்று வாசிக்கிறார்கள். அந்த வாசகங்கள் அரசைக் கட்டுப்படுத்துமா என்பதைக் குடிமக்கள் உரசிப் பார்த்த இடம் நீதிமன்றம். சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் 15 மாதங்களுக்குள், சென்னை அரசை எதிர்த்து நடந்த மூன்று வழக்குகளில் அது தொடங்கியது.

அடிப்படை உரிமையை அரசு பறித்தால் நேரே உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம் என்கிறது 32ஆம் உறுப்பு. உயர் நீதிமன்றங்களுக்கு அத்தகைய அதிகாரத்தை 226ஆம் உறுப்பு தருகிறது. இதில் 32ஆம் உறுப்பையே இந்தச் சட்டத்தின் இதயமாகவும் உயிராகவும் அம்பேத்கர் 1948 டிசம்பரில் சபையில் எடுத்துக் காட்டினார். வழி இல்லாத உரிமை வெறும் எழுத்து என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்த அவையில் இருந்திருக்க முடியாது.

முதல் வழக்கு, சென்னை மாநிலத்தில் சிறைவைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனுடையது. 1950ஆம் ஆண்டின் தடுப்புக் காவல் சட்டப்படி தம்மை அடைத்து வைத்தது செல்லாது என்று அவர் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தார், எம்.கே. நம்பியார் வாதாடினார். அந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவு விசித்திரமானது. கைதிக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட காவல் காரணங்களை அவர் நீதிமன்றத்தில்கூட வெளியிடக் கூடாது என்றது. அந்தப் பிரிவை மட்டும் நீதிபதிகள் ரத்து செய்தனர். நாடாளுமன்றம் ஒரு நடைமுறையை வகுத்திருந்தால் போதும், அது நியாயமானதா என்று நீதிமன்றம் கேட்காது என்று பெரும்பான்மை கருதியதால் கோபாலன் தோற்றார். உரிமைகளைத் தனித்தனித் துண்டுகளாகப் பார்க்கக் கூடாது என்று நீதிபதி ஃபசல் அலி மாறுபட்டு எழுதினார்.

அந்தத் தீர்ப்பு வந்த 1950 மே மாதத்திலேயே இரண்டாவது தீர்ப்பும் வந்தது. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ ஆங்கில வார இதழ் தன் எல்லைக்குள் வரக் கூடாது என்று சென்னை அரசு தடை விதித்திருந்தது. பொது ஒழுங்கு என்ற பெயரில் பேச்சுரிமையை முடக்க அரசியலமைப்பில் அன்று இடமில்லை. அரசின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால்தான் முடியும். பதஞ்சலி சாஸ்திரி எழுதிய தீர்ப்பு தடையை நீக்கியது.

மூன்றாவது வழக்கு தமிழ்நாட்டையே உலுக்கியது. கம்யூனல் ஜி.ஓ. எனப்பட்ட வகுப்புவாரி அரசாணைப்படி மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடங்களும் பங்கிடப்பட்டன: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. கல்லூரிப் படியே மிதிக்காத சமூகங்களின் பிள்ளைகளுக்கு வழிவிட்ட ஏற்பாடு அது. பிராமணர்களான செண்பகம் துரைராஜனும் சி.ஆர். சீனிவாசனும் இதை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றனர். சீனிவாசனுக்காக வாதாடியவர், அரசியலமைப்பின் வரைவுக் குழுவில் அம்பேத்கருடன் அமர்ந்திருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். சாதியை மட்டும் காரணமாக்கி இடம் மறுக்கக் கூடாது என்ற 29(2)ஐக் காட்டி அரசாணை ரத்தானது. 1951 ஏப்ரல் 9இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

பெரியார் போராட்டத்தில் இறங்கினார். ஊர் ஊராகக் கூட்டங்களும் கண்டன ஊர்வலங்களும் நடந்தன. தீர்ப்பு வந்த எழுபதாம் நாள், ஜூன் 18இல், அரசியலமைப்பின் முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. முதல் பொதுத்தேர்தல்கூட அப்போது நடந்திருக்கவில்லை. சமூக, கல்வி நிலையில் பின்தங்கியவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) அதில் பிறந்தது. கல்வி இடஒதுக்கீட்டின் பெரும்பகுதி இன்றும் அதன்மேல்தான் நிற்கிறது. அதே திருத்தம் பேச்சுரிமைக்கான வரம்புகளில் பொது ஒழுங்கைச் சேர்த்து, தாப்பர் வென்றதில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. வரம்புகள் நியாயமானவையாக இருக்க வேண்டும் என்ற ஒரு சொல் மட்டும் குடிமக்கள் பக்கம் சேர்ந்தது. அந்தச் சொல்லை வைத்துத்தான் பிற்காலத்தில் எத்தனையோ தடைகள் உடைக்கப்பட்டன. ஜமீன் ஒழிப்புச் சட்டங்களை நீதிமன்றத் தலையீட்டிலிருந்து காக்க ஒன்பதாம் அட்டவணையும் அப்போதே உருவானது.

கோபாலனின் தோல்வி நிலைக்கவில்லை. மேனகா காந்தியின் பாஸ்போர்ட் முடக்கப்பட்ட வழக்கில், உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கும் நடைமுறை நியாயமானதாக இருந்தே தீர வேண்டும் என்று 1978இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஃபசல் அலியின் சிறுபான்மைக் கருத்து 28 ஆண்டுகளுக்குப் பிறகு சட்டமானது.

ஒன்பதாம் அட்டவணையும் தமிழகத்துக்குத் திரும்பி வந்தது. ஒதுக்கீடு பொதுவாக 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 1992இல் மண்டல் வழக்குத் தீர்ப்பு சொன்னதும், இங்கு நடைமுறையில் இருந்த 69 சதவீத ஒதுக்கீட்டைக் காக்கத் தமிழக அரசு தனிச் சட்டம் இயற்றியது. 1994இல் 76ஆம் திருத்தம் அதை அந்த அட்டவணையில் சேர்த்தது. ஆனால் அட்டவணைக்குள் போனால் எந்தச் சட்டமும் தப்பிவிடும் என்ற நிலை இப்போது இல்லை. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்ற தீர்ப்பு வந்த 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அதில் சேர்ந்தவை அந்தக் கட்டமைப்பைக் குலைத்தால் நீதிமன்றம் தலையிடலாம் என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2007இல் தீர்ப்பளித்திருக்கிறது.