ஸ்ப்ரைட் ஷீட்டும் பிரௌசர் சாதனங்களும்

கணினி விளையாட்டில் ஒரு வீரன் நான்கு திசைகளிலும் நடக்க வேண்டுமானால், திசைக்கு 8 நிலைகள் வீதம் 32 சிறு சித்திரங்கள் அவசியமாகின்றன. அவற்றைத் தனித்தனிக் கோப்புகளாக ஏற்றுவதைக் காட்டிலும், ஒரே படத்தில் வரிசையாக அடுக்கி, அந்தந்த க்ஷணத்துக்குரிய கட்டத்தை மட்டும் திரையில் காட்டுவது சௌகரியம் என்பதாலேயே ஸ்ப்ரைட் ஷீட் என்னும் ஏற்பாடு நிலைபெற்றது.

மென்பொருள் எதையும் நிறுவாமல் பிரௌசரிலேயே இதைச் செய்துகொள்ள இன்று வழியுண்டு. பிஸ்கெல் வரைவதற்கானது, ஃப்ரீ டெக்ஸ்சர் பேக்கர் வரைந்தவற்றை ஒன்றாக அடுக்கித் தருவது, ஃபோட்டோபீயோ ஃபோட்டோஷாப் கோப்புகளையும் திறந்து திருத்த வல்லது. தூரிகைகளையும் வண்ணங்களையும் எண்ணிப் பார்த்தே பலர் தேர்வு செய்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் பிரதானமாகக் கவனிக்க வேண்டியது, அந்தச் சாதனம் முடிவில் எதை, எந்த உருவில் நம் கையில் கொடுக்கிறது என்பதே.

கட்டம் ஒவ்வொன்றும் 32 பிக்சல் சதுரமென்றால், மேற்சொன்ன ஷீட் 256 பிக்சல் அகலமும் 128 உயரமும் கொள்ளும். இடைவெளியே விடாமல் ஒட்டிவிட்டாலோ, படம் பெரிதாக்கப்படும்போது அண்டைக் கட்டத்தின் வண்ணம் கசிந்து, வீரனின் காதோரத்தில் காரணமற்ற ஒரு கோடு மின்னி மறையும். கட்டங்களுக்கிடையே ஒரு பிக்சல் விட்டால் ஷீட் 263க்கு 131 ஆகிறது. ஆனால் அந்த இடைவெளியை ஃபேசர் போன்ற விளையாட்டு எஞ்சினுக்கும் தெரிவித்தாக வேண்டும், இல்லையேல் எட்டாவது கட்டத்துக்கு வருவதற்குள் வெட்டு 7 பிக்சல் பிசகி, வீரனின் தோள் ஒரு பக்கம் அறுபட்டு நிற்கும். ஃப்ரீ டெக்ஸ்சர் பேக்கரில் இடைவெளியையும் குறிக்கலாம், ஓர வண்ணத்தையே சிறிது வெளியே நீட்டவும் செய்யலாம். கட்டங்கள் சமமற்றவையாயின் ஒவ்வொன்றின் இருப்பிடத்தையும் ஜேசன் கோப்பில் எழுதியும் தருகிறது.

ஷீட்டை பிஎன்ஜியாகவே வாங்குக. ஜேபெக் பின்னணியின் ஒளிபுகும் தன்மையைக் காக்காது. பிஎன்ஜி கோப்பு சிறிதாயிருக்கிறதென்று அளவை மிகுத்துவிடுவதும் சரியன்று: சுருக்கப்படாமல் ஏற்றப்படும் 4096 பிக்சல் சதுரம், வட்டில் எவ்வளவு சுருங்கிக் கிடந்தாலும், கிராபிக்ஸ் நினைவகத்தில் 64 எம்பியை அடைத்துக்கொள்ளும்.

இன்னொரு சமாசாரம். பிஸ்கெலில் பிரௌசருக்குள்ளேயே சேமித்த வேலை, பிரௌசரின் சேமிப்புத் தரவைத் துடைக்கும் அன்றே போய்விடும். ஆகவே ஷீட்டோடு மூலக் கோப்பையும் இறக்கித் தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.