ஒரே சர்வரில் பல டொமைன்கள்: மின்னஞ்சல் ஏன் ஆள் மாறிப் போவதில்லை?

துணிக்கடைக்கு ஒரு டொமைன், மருந்துக்கடைக்கு ஒன்று. இரண்டிலும் 'இன்ஃபோ' என்று ஓர் அஞ்சல் பெட்டி. இரண்டும் ஒரே சர்வரில். கடிதம் ஆள் மாறிப் போய்விடாதா?

போகாது. அனுப்பும் சர்வர் முதலில், டொமைன்களின் விவரம் வைத்திருக்கும் டிஎன்எஸ்ஸிடம், "இந்த டொமைனின் அஞ்சலை வாங்குவது யார்?" என்று கேட்கும். அதிலுள்ள 'எம்எக்ஸ்' பதிவு, இரண்டு கடைகளுக்கும் ஒரே சர்வரைக் காட்டும்.

இனி அடுக்குமாடி வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். 'குமார்' என்றால் மட்டும் போதாது. எந்த பிளாக் குமார் என்று நோட்டைப் புரட்டுவார். அந்த சர்வரில் அஞ்சலை வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளும் அப்படித்தான். எந்த டொமைன்களுக்கு அஞ்சல் வாங்கலாம் என்று ஒரு பட்டியல். எந்த முழு முகவரிக்கு எந்தக் கோப்புறை என்று இன்னொன்று. முழு முகவரியையும் பார்ப்பதால் இரண்டு 'இன்ஃபோ'வும் மோதுவதில்லை. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அஞ்சல் பெட்டி வைத்திருப்பவருக்கு சர்வரில் லாகின் கணக்கே வேண்டாம் என்பதுதான்.

பட்டியலில் இல்லாத பெயர் வந்தால்? வாசலிலேயே மறுத்துவிட வேண்டும். வாங்கிவிட்டுப் பிறகு திருப்பினால், ஸ்பேம்காரர் போலியாகப் போட்ட அனுப்புநர் முகவரிக்கு, அதாவது யாரோ ஓர் அப்பாவிக்கு, அது போய் விழும்.

நீங்களே அமைப்பதானால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே டொமைனை, லாகின் கணக்கு உள்ளவர்களுக்கான உள்ளூர்ப் பட்டியலிலும், மேலே சொன்ன டொமைன் பட்டியலான மெய்நிகர்ப் பட்டியலிலும் எழுதாதீர்கள். உள்ளூர்ப் பட்டியலுக்கே முதலிடம். போஸ்ட்ஃபிக்ஸ் லாகின் கணக்கைத் தேடி, காணாமல், நல்ல கடிதத்தையும் மறுத்துவிடும்.