அம்மா கையெழுத்து போட்டாச்சு, பாப்பா என்ன சொன்னா?

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியும் திருத்தியும் தந்திருக்கிறோம்.)

உங்க தங்கச்சியோ, அக்கா பையனோ ஸ்கூல் பையில இருந்து ஒரு பேப்பரை எடுத்து நீட்டுறாங்கன்னு வைங்க. "வளரிளம் பருவத்தினரின் உடல்நலம் குறித்த ஆய்வு"ன்னு தலைப்பு. கீழ நாலு பக்கத்துக்குப் பொடி எழுத்து. கடைசியில "பெற்றோர் கையொப்பம்". நம்ம வீடுகள்ல இதுக்குப் பெரும்பாலும் ரெண்டு ரியாக்‌ஷன்தான். ஒண்ணு, "ஸ்கூல்லயே கொடுத்திருக்காங்க, அப்புறம் என்ன"ன்னு கையெழுத்து போட்டு அனுப்பிடுறது. இன்னொண்ணு, "நம்ம புள்ளைய வச்சா சோதனை பண்றாங்க?"ன்னு கிழிச்சுப் போடுறது. முழுசாப் படிச்சு, அந்தப் பிள்ளைகிட்டயும் கேட்டு, அதுக்கப்புறம் முடிவெடுக்கிறது ரொம்ப அபூர்வம். இன்னைக்கு அந்த மூணாவது வழியைப் பத்தித்தான் பேசப்போறோம்.

முதல்ல ஒரு அடிப்படைக் கேள்வி. குழந்தைங்களை ஏன் இதுல இழுக்கணும்? பெரியவங்ககிட்ட சோதிச்சுப் பார்த்துட்டு, எடைக்குத் தகுந்த மாதிரி டோஸைக் குறைச்சுக் கொடுத்தா ஆகாதா?

ரொம்ப காலம் அப்படித்தான் ஓடிட்டு இருந்தது. குளோராம்ஃபெனிகால்னு ஒரு ஆன்டிபயாடிக், 1950கள்ல ரொம்பப் பிரபலம். பெரியவங்களுக்கு நல்லா வேலை செஞ்ச அதே மருந்தைக் குறைமாசத்துல பிறந்த குழந்தைங்களுக்குக் கொடுத்தப்ப, வயிறு உப்பி, உடம்பு சாம்பல் நிறமாகி, பல குழந்தைங்க இறந்துபோனாங்க. 'கிரே பேபி சிண்ட்ரோம்'னே அதுக்குப் பேர் வந்துடுச்சு. 1959ல அமெரிக்க மருத்துவர்கள் இதை ஆதாரத்தோட எழுதினாங்க. பச்சைக் குழந்தையோட கல்லீரலுக்கு அந்த மருந்தை மாத்தி வெளியேத்துற திறன் இன்னும் வந்திருக்காது. மருந்து உள்ளேயே தேங்கித் தேங்கி விஷமாகிடுது. குழந்தைங்கிறது சின்ன சைஸ் பெரியவர் இல்லைன்னு டாக்டர்கள் இன்னைக்கும் சொல்றதுக்குப் பின்னாடி இந்த மாதிரி கதைங்க இருக்கு.

அதனால, குழந்தைங்களை வச்சு ஆய்வே வேண்டாம்னு சொன்னா அவங்க பாதுகாப்பா இருப்பாங்கன்னு அர்த்தம் இல்லை. மருந்து சாப்பிடுற ஒவ்வொரு குழந்தையும் அப்பவும் ஒரு சோதனைதான். என்ன, அதை யாரும் நோட்டுல எழுதி வைக்க மாட்டாங்க.

இன்னொரு விஷயம், எல்லா ஆய்வும் மருந்து பத்தினதும் இல்லை. உயரம், எடை, தூக்கம், ஃபோன் பழக்கம், படிப்புல கவனம்னு வருஷக்கணக்குல சும்மா கவனிச்சுட்டே வர்ற ஆய்வுகள் நிறைய இருக்கு. அதுல ஒண்ணு நம்ம பக்கத்துலயே நடந்தது. அதைக் கொஞ்சம் விரிவாச் சொல்றேன்.

2002ல வேலூர் சி.எம்.சி. ஆராய்ச்சியாளர்கள், நகரத்துல சின்ன அல்லாபுரம், கஸ்பா மாதிரியான ஏழைக் குடியிருப்புகள்ல, பிறந்த குழந்தைங்களைச் சேர்க்க ஆரம்பிச்சாங்க. கேள்வி என்னன்னா, ரோட்டா வைரஸ். குழந்தைங்களுக்குக் கடுமையான வயித்துப்போக்கை உண்டாக்குற கிருமி. ஒரு தடவை வந்துட்டா மறுபடி வராம உடம்பு தன்னைக் காப்பாத்திக்குமா? இதைத் தெரிஞ்சுக்க ஊழியர்கள் வாரத்துக்கு ரெண்டு தடவை வீட்டுக்குப் போனாங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை குழந்தையோட மலத்தைச் சோதனைக்கு எடுத்தாங்க. வயித்துப்போக்கு வந்தா ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தாங்க. இப்படியே மூணு வருஷம். 373 குழந்தைங்க கடைசி வரைக்கும் இருந்தாங்க. அந்த அம்மாக்களை நினைச்சுப் பாருங்க! தண்ணி வர்ற நேரம், வேலைக்குப் போற நேரம், நடுவுல டப்பாவோட ஒருத்தர் வாசல்ல நிப்பார்.

2011ல முடிவு வெளிவந்தது. மெக்சிகோவுல முன்னாடி நடந்த ஆய்வுல, ரெண்டு தடவை தொற்று வந்த குழந்தைங்களுக்கு அதுக்கப்புறம் கடுமையான நோய் வரவே இல்லை. வேலூர்ல மூணு தடவை வந்ததுக்கு அப்புறமும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். வேற நாட்டுக் குழந்தைங்களோட கணக்கை இங்க அப்படியே போட முடியாதுன்னு இதுல தெளிவாயிடுச்சு.

அதே வருஷத்துல டெல்லி, புனே, வேலூர் மூணு இடத்துலயும் சேர்த்து 6,799 கைக்குழந்தைங்ககிட்ட ரோட்டாவாக்னு ஒரு இந்தியத் தடுப்பு மருந்தைச் சோதிக்க ஆரம்பிச்சாங்க. மூணுல ரெண்டு பங்கு குழந்தைங்களுக்கு நிஜ சொட்டு மருந்து, ஒரு பங்குக்கு பிளசிபோ, அதாவது மருந்தே இல்லாத சொட்டு. கடுமையான நோயைப் பாதிக்கு மேல அது தடுத்தது. 2016ல இருந்து ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து தேசியத் தடுப்பூசித் திட்டத்துல வந்தது. இன்னைக்கு உங்க வீட்டுப் பாப்பாவுக்கு 6, 10, 14 வாரத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாக் கிடைக்குற சொட்டுக்குப் பின்னாடி அந்தக் குழந்தைங்க இருக்காங்க.

இதுலயும் விமர்சனம் இல்லாம இல்லை. வெளிநாட்டு ரோட்டா தடுப்பு மருந்துகள் ஏற்கனவே சந்தையில இருக்கும்போது, ஒரு பங்கு குழந்தைங்களுக்கு வெறும் சொட்டு கொடுக்கலாமான்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான்னு நான் நினைக்கிறேன். அந்த மருந்துகள் அரசுத் திட்டத்துல இல்லை, நம்ம குழந்தைங்களுக்கு எவ்வளவு வேலை செய்யும்னு உறுதியாகலைன்னு பதில் சொன்னாங்க. உங்களுக்கு அந்தப் பதில் போதலாம், போதாமலும் இருக்கலாம்.

இப்போ இதுக்கு நேர் எதிரா ஒண்ணு. 2009ல, அப்போதைய ஆந்திராவோட கம்மம் மாவட்டத்துலயும் குஜராத்தோட வதோதராவுலயும் 10 முதல் 14 வயசுப் பெண் பிள்ளைங்களுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுற ஒரு திட்டம். பாத்ங்கிற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும், ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், மாநில அரசுகளும் சேர்ந்து நடத்தினது. அனுமதி வாங்கின தடுப்பூசிதான், இது செயல்விளக்கத் திட்டம், மருந்துப் பரிசோதனை இல்லைன்னு நடத்தினவங்க சொன்னாங்க. நாடாளுமன்ற நிலைக்குழு அதை ஏத்துக்கலை. திட்டத்துல இருந்த ஏழு சிறுமிகள் இறந்ததும் பெரிய சர்ச்சையாகி, 2010 ஏப்ரல்ல நிறுத்திட்டாங்க. அந்த இறப்புகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு குறைவுன்னுதான் விசாரணையில சொன்னாங்க. எச்.பி.வி. தடுப்பூசி கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்குது, உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைக்குது. அதைக் குழப்பிக்க வேண்டாம்.

பிரச்சினை கையெழுத்துல இருந்தது. ஆந்திராவுல பார்த்த 9,543 ஒப்புதல் படிவங்கள்ல 2,763 படிவத்துல கையெழுத்து போட்டது பெத்தவங்க இல்லை, ஹாஸ்டல் வார்டன். 1,948 படிவத்துல வெறும் கைநாட்டு. 2013ல வந்த நிலைக்குழு அறிக்கையில இதெல்லாம் இருக்கு. பழங்குடிப் பிள்ளைங்க தங்கிப் படிக்கிற ஹாஸ்டல்கள் அதுல நிறைய. கையெழுத்து போட்டவருக்கும் ஊசி குத்தின உடம்புக்கும் என்ன சம்பந்தம்? அந்தப் பிள்ளைங்ககிட்ட யாராவது கேட்டாங்களா? நல்ல தடுப்பூசி மேலயே சந்தேகம் ஒட்டிக்கிச்சு, அது லேசுல போகலை.

சரி, சட்டதிட்டம் என்ன சொல்லுது? ஐ.சி.எம்.ஆரோட 2017 வழிகாட்டு நெறிமுறைகள்படி, 18 வயசுக்குக் கீழ இருந்தா பெத்தவங்க இல்லைன்னா சட்டப்படியான காப்பாளர் சம்மதம் வேணும். அதோட முடியலை. 7 முதல் 12 வயசுப் பிள்ளைகிட்ட வாய்மொழியா சம்மதம் கேட்கணும், கேட்டதைப் பதிவு பண்ணணும். 12 முதல் 18 வரைக்கும் எழுத்துல வாங்கணும். பெரியவங்க கொடுக்கிறது கன்சென்ட், பிள்ளை கொடுக்கிறது அசென்ட். இசைவுன்னு வச்சுக்கலாம். பிள்ளை வேண்டாம்னு சொன்னா மதிக்கணும். அந்த ஆய்வுல மட்டுமே கிடைக்கக்கூடிய, பிள்ளைக்கு நேரடியாப் பயன்படுற சிகிச்சை மாதிரி சில விதிவிலக்கு உண்டு, அதையும் நெறிமுறைக் குழு ஒத்துக்கணும். மத்தபடி, அம்மா சரின்னுட்டாங்கங்கிறதால பிள்ளையோட 'வேண்டாம்' செல்லாம போகாது.

ஆனா ஒரு ஒன்பது வயசுப் பொண்ணு எப்படி வேண்டாம்னு சொல்லுவா? "நான் இந்த ஆய்வுல இருந்து விலகிக்கிறேன்"னா சொல்லுவா? ஆஸ்பத்திரி போற நாள் அன்னைக்கு வயிறு வலிக்குதும்பா. கையை முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சுப்பா. கேட்ட கேள்விக்கெல்லாம் "ம்"னு மட்டும் சொல்லுவா. நம்ம ஆளுங்க இதை அடம்னு எடுத்துக்கிட்டு "டாக்டர் மாமாகிட்ட சமத்தா கையை நீட்டு, சாக்லேட் வாங்கித் தரேன்"னு முடிச்சுடுவோம். அது இசைவு இல்லை. ஸ்கூல்ல இன்னும் கஷ்டம். ஹெச்.எம். கிளாஸுக்கு வந்து "யாருக்கு இஷ்டம் இல்லை, கையைத் தூக்குங்க"ன்னா எந்தப் பிள்ளை தூக்கும்? டீச்சர் இல்லாத இடத்துல, ஆய்வுக்காரங்க தனியாப் பேசி, அவ மொழியில சொல்லிக் கேட்டாத்தான் அந்த 'சரி'க்கு மதிப்பு.

பெத்தவங்க பக்கத்துலயும் ஒரு குழப்பம் வரும். டாக்டர் சொல்றார்னா நம்ம பிள்ளைக்கு எது நல்லதோ அதைத்தான் தேர்ந்தெடுத்துக் கொடுப்பார்னு நினைப்பாங்க. மருந்துப் பரிசோதனையில பெரும்பாலும் அப்படி இல்லை. எந்தப் பிள்ளைக்கு எதுங்கிறதைக் கம்ப்யூட்டர், பூவா தலையா போடுற மாதிரி தீர்மானிக்கும். பல நேரம் டாக்டருக்கே தெரியாது. இது ஏமாத்து வேலை இல்லை, உண்மையைக் கண்டுபிடிக்க அதுதான் நேர்மையான வழி. ஆனா கையெழுத்துக்கு முன்னாடி இது புரிஞ்சிருக்கணும்.

அப்போ அந்த ஸ்கூல் ஃபார்ம் வந்தா என்ன பண்ணலாம்? யார் நடத்துறாங்க, எந்த நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்ததுன்னு முதல்ல பாருங்க. அந்தக் குழுவோட ஃபோன் நம்பர் தாள்லயே இருக்கணும், இல்லைன்னா கேளுங்க. மருந்துப் பரிசோதனையா இருந்தா சி.டி.ஆர்.ஐ.ங்கிற அரசுப் பதிவேட்டுல இருக்கணும். 2009 ஜூன்ல இருந்து அது கட்டாயம், இணையத்துல யார் வேணாலும் இலவசமாத் தேடலாம். எடுக்கிற ரத்தத்துல மிச்சம் இருந்தா என்ன பண்ணுவாங்க, எத்தனை வருஷம் வைப்பாங்கன்னு கேளுங்க. நிறைய பேர் கேட்க மறக்கிறது இதுதான். மருந்துப் பரிசோதனையில பிள்ளைக்கு ஏதாவது பாதிப்பு வந்தா, 2019 விதிகள்படி இலவச சிகிச்சையும், அந்தப் பரிசோதனையாலதான் வந்ததுன்னா இழப்பீடும் உண்டு. பஸ் காசு, அன்னைக்குப் போன கூலி இதெல்லாம் கொடுக்கிறது தப்பு இல்லை. தொகையைப் பார்த்து மனசு மாறுற அளவுக்கு இருந்தாத்தான் யோசிக்கணும். தாளோட ஒரு காப்பி உங்க கைக்கு வரணும். முக்கியமா, பாதியில விலகினா வழக்கமான சிகிச்சைக்கோ, ஸ்கூல்ல மார்க்குக்கோ ஒரு பாதிப்பும் வரக்கூடாது.

இவ்வளவும் கேட்டா டாக்டர் கோவிச்சுப்பாரோன்னு தோணும். நல்லா நடத்துற ஆய்வுல இந்தக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்றதுக்கே ஒரு ஆள் இருப்பார். கோவிச்சுக்கிட்டா, அந்த ஆய்வைப் பத்தி உங்களுக்கு வேண்டிய தகவல் கிடைச்சாச்சு.

இன்னும் ஒண்ணு இருக்கு. வருஷக்கணக்கா நடக்குற ஆய்வுல பிள்ளை வளர்ந்துட்டே வரும். ஏழு வயசானா வாய்மொழியாக் கேட்கணும், பன்னிரண்டானா எழுத்துல. பதினெட்டு முடிஞ்சதும் அம்மா அப்பா போட்ட பழைய கையெழுத்து போதாது, அவங்ககிட்டயே புதுசா சம்மதம் வாங்கணும். வேலூர்ல 2002ல தொட்டில்ல கிடந்த அந்தக் குழந்தைங்களுக்கு இப்போ இதைக் கேட்டுட்டு இருக்கிற உங்கள்ல பல பேரோட வயசுதான். நீங்களும் சின்ன வயசுல இப்படி ஏதாவது ஆய்வுல இருந்திருக்கீங்களான்னு வீட்டுல ஒரு தடவை கேட்டுப் பாருங்க. இருந்திருந்தா, அது இன்னும் நடந்துட்டு இருந்தா, தொடரலாமா வேண்டாமான்னு இனிமே சொல்ல வேண்டியது நீங்கதான்.