பறவைக் காய்ச்சலும் தடுப்பு நடவடிக்கைகளும்

2004ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கிளந்தான் மாநிலத்தின் தும்பாட் மாவட்டத்திலுள்ள கம்போங் பாசிர் பெக்கானில் கோழிகள் இறந்தன. அவற்றைத் தாக்கியது எச்5என்1 எனும் பறவைக் காய்ச்சல் கிருமி என்பது பரிசோதனையில் உறுதியானது. அதே ஆண்டில் தாய்லாந்திலும் வியட்நாமிலும் இக்கிருமி மனித உயிர்களையும் பறித்திருந்தது. ஆதலால், ஒரு சிற்றூரில் இறந்த கோழிகள் நாட்டையே கவலையில் ஆழ்த்தின.

நோய் கண்ட பறவையின் எச்சத்திலும் எச்சிலிலும் இக்கிருமி நிறைந்திருக்கும். காலணி, வாகனச் சக்கரம், கோழிக்கூண்டு ஆகியவற்றில் ஒட்டிக்கொண்டு அது வேறிடங்களுக்கும் பரவும். தாய்லாந்திலிருந்து கடத்தி வரப்பட்ட சண்டைச் சேவல்கள் மூலம் இந்நோய் கிளந்தானுக்குள் நுழைந்திருக்கலாம் எனச் சந்தேகிக்கப்பட்டது.

அரசாங்கம் உடனே செயலில் இறங்கியது. நோய் கண்ட இடத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டாரம் கட்டுப்பாட்டுப் பகுதியானது. அங்கிருந்து கோழிகளையும் முட்டைகளையும் வெளியே கொண்டு செல்லத் தடை விதிக்கப்பட்டது. கால்நடைச் சேவைத் துறை அதிகாரிகள் அப்பகுதியில் வளர்க்கப்படும் பறவைகளைச் சோதித்தனர். நோய் கண்ட இடத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருந்த பறவைகள் அனைத்தும் அழிக்கப்பட்டன.

நலமாகத் தோன்றும் கோழிகளையும் ஏன் அழிக்க வேண்டும்? கிருமி தொற்றிய கோழியிடம் நோயின் அறிகுறிகள் உடனே தென்படுவதில்லை. அவை தெரியும்வரை காத்திருந்தால், அதற்குள் நோய் அடுத்த கூண்டுக்கும் அடுத்த ஊருக்கும் சென்றுவிடும். எனவேதான், மனம் வருந்தினாலும் இம்முடிவு எடுக்கப்படுகிறது.

ஆயினும், பத்துக் கோழிகளை நம்பி வாழும் குடும்பத்திற்கு இது பேரிழப்பாகும். இழப்புக்கு அஞ்சி ஒருவர் தம் கோழிகளை மறைத்து வைத்தாலோ இரவோடு இரவாக வேறு ஊருக்கு அனுப்பினாலோ மற்றவர்களின் முயற்சி முழுவதும் வீணாகிவிடும். ஆகவே, அழிக்கப்படும் பறவைகளுக்கு உரிய இழப்பீடு வழங்குவதும் நோய்த் தடுப்பின் ஒரு பகுதியே. இழப்பீடு கிடைக்கும் எனும் நம்பிக்கை இருந்தால்தான் மக்கள் தயங்காமல் தகவல் தருவார்கள்.

இந்நோய் வணிகத்தையும் பாதித்தது. மலேசியாவிலிருந்து கோழிகளையும் முட்டைகளையும் இறக்குமதி செய்வதைச் சிங்கப்பூர் நிறுத்தி வைத்தது. இதனால், நோய் கண்ட கிராமத்திற்கு வெகு தொலைவில் இருந்த பண்ணையாளர்களும் பாதிப்படைந்தனர். எனினும், அந்நோய்ப் பரவலின்போது மலேசியாவில் மனிதர் எவருக்கும் நோய் தொற்றியதாக உறுதிசெய்யப்படவில்லை. 2006ஆம் ஆண்டில் செத்தாப்பாக் வட்டாரத்திலும், 2007ஆம் ஆண்டில் சுங்கை பூலோவிலும் இந்நோய் மீண்டும் தலைகாட்டியபோதும் இத்தகைய நடவடிக்கைகளே மேற்கொள்ளப்பட்டன.

இதில் நமக்கும் பங்குண்டு. இறந்து கிடக்கும் பறவைகளை வெறுங்கையால் தொடக்கூடாது. கோழிகள் திடீரெனக் கூட்டமாக இறந்தால் உடனே கால்நடைச் சேவைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கோழி இறைச்சியையும் முட்டையையும் நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும். அரசாங்கம் எத்தனை நடவடிக்கைகளை எடுத்தாலும், முதல் தகவல் கோழி வளர்ப்பவரிடமிருந்தே வர வேண்டும். அவர் காலத்தோடு தரும் தகவல் பல உயிர்களைக் காக்கும்.