பழைய ராக் ஆல்பம், புதிய இசைத்தட்டு: வாங்கலாமா?

பீட்டில்ஸ், பிங்க் ஃபிளாய்ட், லெட் செப்பலின் போன்ற குழுக்களின் பழைய ஆல்பங்கள் புதிய வினைல் இசைத்தட்டுகளாக மீண்டும் வெளிவந்து கொண்டிருக்கின்றன. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு விற்பனையான இசைத்தட்டுகளின் எண்ணிக்கை, 1987க்குப் பின் முதல் முறையாக, சிடிக்களின் எண்ணிக்கையைத் தாண்டியது. அதே பாடல்கள் உங்கள் கம்ப்யூட்டரில் எம்பி3 பைல்களாக இருக்கும்போது, ஆயிரக்கணக்கில் செலவழித்து இசைத்தட்டு வாங்குவது சரியா? பணம் கொடுக்கும் முன் தெரிந்து கொள்ள வேண்டியவற்றைப் பார்ப்போம்.

அட்டையில் உள்ள சொற்கள்

ரீஇஷ்யூ என்றால் மறு வெளியீடு, அவ்வளவுதான். ரீமாஸ்டர் என்றால், முடிந்த ஒலிப்பதிவின் ஒலி அளவையும் தன்மையையும் மறுபடி சரி செய்தது. ரீமிக்ஸ் என்றால், தனித்தனியாகப் பதிவான குரல், கிட்டார், டிரம்ஸ் ஆகியவற்றை மறுபடி கலந்தது. பீட்டில்ஸின் 1967ஆம் ஆண்டு ஆல்பமான சார்ஜென்ட் பெப்பர், 2017இல் ஜைல்ஸ் மார்ட்டின் செய்த ரீமிக்ஸாக வந்தது. அது நீங்கள் கேட்டுப் பழகிய ஒலியாக இருக்காது. 180 கிராம் என்பது தட்டின் எடை மட்டுமே; ஒலியின் தரத்திற்கு அது சான்று அல்ல.

எந்த மாஸ்டர் என்பதே முக்கியம்

பீட்டில்ஸ் ஆல்பங்களையே எடுத்துக் கொள்வோம். 2009இல் வந்த ரீமாஸ்டர் சிடிக்கள் டிஜிட்டலில் தயாரானவை. 2012இல் வந்த ஸ்டீரியோ இசைத்தட்டுகளும் அதே டிஜிட்டல் மாஸ்டர்களில் இருந்து, 24 பிட் அளவில், வெட்டப்பட்டவை. ஆனால் 2014இல் வந்த மோனோ தொகுப்பு, லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் பழைய டேப்புகளில் இருந்து நேரடியாக, டிஜிட்டல் கட்டம் எதுவும் இல்லாமல் வெட்டப்பட்டது. ஒரே குழு, இரண்டு ஆண்டு இடைவெளி, முற்றிலும் வேறு வழிமுறை.

அப்படியானால் டிஜிட்டல் கலந்தாலே மோசமா? இல்லை. மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் விலை உயர்ந்த தட்டுகளை அனலாக் ரசிகர்கள் பல ஆண்டுகளாகப் புகழ்ந்து வந்தனர். அவற்றில் பலவற்றில் இடையே டிஜிட்டல் கட்டம் ஒன்று உண்டு என்பது 2022இல் வெளியானது. அதுவரை அவற்றைப் புகழ்ந்த பலர் காதால் அதைக் கண்டுபிடிக்கவில்லை. வழக்கு தொடரப்பட்டு, வாங்கியவர்களுக்குப் பணமோ கூப்பனோ தரும் சமரசத்தில் முடிந்தது. டிஜிட்டலால் ஒலி கெட்டது என்பதல்ல இங்கே பிரச்னை. அதை வாங்குபவரிடம் சொல்லாததுதான்.

இசைத்தட்டின் எல்லைகள்

தட்டு நிமிடத்திற்கு 33 1/3 முறை சுழல்கிறது. வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்கு சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது. உள் வளையத்தில் இது சுமார் 21 செ.மீ. ஆகக் குறைகிறது. எனவே ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் உச்ச ஒலிகள் சிதைய வாய்ப்பு அதிகம். சிடியின் ஒலி எல்லை சுமார் 96 டெசிபல். நல்ல இசைத்தட்டில் 60 முதல் 70 தான்.

பிறகு ஏன் சில தட்டுகள் சிடியை விட நன்றாக ஒலிக்கின்றன? பல ரீமாஸ்டர் சிடிக்களில் சத்தத்தைக் கூட்டுவதற்காக மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைத்து விடுகின்றனர். அதே ஆல்பத்தின் இசைத்தட்டுக்குத் தனி மாஸ்டர் தயாரித்திருந்தால், இந்தக் குறை அதில் இருக்காது. ஒரே மாஸ்டர் என்றால் லாபம் இல்லை.

உங்கள் கம்ப்யூட்டர் உதவும்

வாங்கும் முன் டிஸ்காக்ஸ் தளத்தில் ஆல்பத்தின் பெயரைத் தேடுங்கள். எந்த ஆண்டு, எந்த நாட்டு அச்சு, வெட்டியவர் யார் என்ற விவரங்கள் பல பதிப்புகளுக்குக் கிடைக்கும். தட்டின் மையத்தில் லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியில் பொறித்துள்ள எண்ணை இதனுடன் ஒப்பிடலாம்.

தட்டு வந்த அன்றே இரு பக்கங்களையும் ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரில் பதிவு செய்திடுங்கள். டர்ன்டேபிளை போனோ ப்ரீஆம்ப் வழியாக லைன் இன் சாக்கெட்டில் இணைக்க வேண்டும். மைக் சாக்கெட்டில் அல்ல. வெட்டும்போது அடி ஒலிகளைக் குறைத்தும் உச்ச ஒலிகளைக் கூட்டியும் பதிப்பதால், அதைத் திருப்பிச் சரி செய்ய ப்ரீஆம்ப் தேவை. யுஎஸ்பி டர்ன்டேபிள்களில் இது உள்ளேயே இருக்கும். சிடி தரத்தில் நிமிடத்திற்கு சுமார் 10 எம்பி இடம் பிடிக்கும். 40 நிமிட ஆல்பத்திற்கு 400 எம்பிக்குச் சற்று மேல். பிளாக் பைலாகச் சேமித்தால் தரம் குறையாமல் அளவு குறையும்.

நான் முதலில் வாங்கிய மறு வெளியீட்டில் மையத் துளை சற்று விலகி இருந்தது. பியானோ ஒலி ஒவ்வொரு சுற்றிலும் மேலும் கீழும் அலைந்தது. என் டர்ன்டேபிளைத்தான் முதலில் சந்தேகித்தேன். வேறு தட்டைப் போட்டுப் பார்த்தேன். அது சரியாகவே ஒலித்தது. பதிவு செய்த பைலைக் கடைக்கு அனுப்பியதும் மாற்றிக் கொடுத்தனர். ஒரு வாரம் தாமதித்திருந்தால் திருப்பித் தரும் கெடு முடிந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை: இப்படிப் பதிவு செய்த பைலை ஒலி இடைவெளியை அளக்கும் சாப்ட்வேரில் போட்டால், சிடியை விட நல்ல மதிப்பெண் வரலாம். அதை அப்படியே நம்பாதீர்கள். இரண்டும் ஒரே மாஸ்டராக இருந்தாலும், வினைலில் ஓடும்போது அலையின் வடிவம் மாறி எண் உயர்ந்து காட்டும்.

முடிவாக

தனி மாஸ்டர், வெட்டியவர் பெயர், மூலம் எது என்ற மூன்றும் தெளிவாக உள்ள, நீங்கள் உண்மையிலேயே அடிக்கடி கேட்கும் ஆல்பம் என்றால் வாங்கலாம். இவை எதையும் சொல்லாமல் எடையை மட்டும் சொன்னால் சிடியே போதும். டர்ன்டேபிள் இனிமேல்தான் வாங்க வேண்டும் என்பவர்கள், முதலில் அந்தப் பணத்தில் நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள். உங்களிடம் உள்ள எல்லாப் பாடல்களும் அதனால் மேம்படும்.