சுவிட்சை அணைப்பதும் ஆபத்துதான்

வீட்டில் கேஸ் வாடை அடித்தால் விளக்கைப் போடக் கூடாது என்பது பலருக்கும் தெரியும். ஆனால் எரிந்துகொண்டிருக்கும் விளக்கை அணைப்பது பாதுகாப்பு என்று நினைத்து சுவிட்சை நோக்கி ஓடுகிறவர்கள் உண்டு. அது தவறு. சுவிட்சுக்குள் ஒட்டியிருக்கும் இரண்டு உலோக முனைகள் பிரியும் நொடியிலும் அவற்றுக்கிடையே பொறி பறக்கும். இயற்கை எரிவாயுவின் முக்கியப் பொருளான மீத்தேன் சரியான அளவில் காற்றோடு கலந்திருந்தால், அதைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலுக்கும் குறைந்த ஆற்றலே போதும். 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், நியூ லண்டன் ஊர்ப் பள்ளியின் தரைக்கு அடியில் கசிந்து தேங்கிய இயற்கை எரிவாயு வெடித்து ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். தொழிற்பயிற்சிக் கூடத்தில் மின்சார இழைப்பு இயந்திரத்தின் சுவிட்சில் எழுந்த பொறியே காரணம் என்று கருதப்படுகிறது. இயற்கை எரிவாயுவுக்குத் தனக்கென மணம் கிடையாது. அதனால் யாருக்கும் கசிவு தெரியவில்லை. அதன் பிறகுதான் எரிவாயுவில் மெர்காப்டன் என்ற நாற்றமுள்ள வேதிப்பொருளைச் சேர்ப்பதை டெக்சஸ் சட்டமாக்கியது. இன்று நம் மூக்கை எட்டும் அந்த நாற்றம், அத்தனை குழந்தைகளின் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்ற எச்சரிக்கை.

ஃபிரிட்ஜ் தானாகவே ஓடி ஓடி நிற்கிறதே, அதன் பிளக்கையாவது பிடுங்க வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டாம். பிளக்கைப் பிடுங்கும்போதும் பொறி வரும். ஃபிரிட்ஜ் எந்த நேரமும் பொறி எழுப்பலாம் என்பது சீக்கிரம் வெளியேறுவதற்கான காரணமே தவிர, நாமும் ஒரு பொறியைச் சேர்ப்பதற்கான காரணம் அல்ல. மெயின் சுவிட்ச் வாடையே இல்லாத வெளிப்புறத்தில் இருந்தால் அங்கே அணைக்கலாம். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் இதே விதிதான்: அதன் மோட்டார் அந்தக் கலவைக்கு நடுவிலேயே சுற்றுகிறது. கதவு, ஜன்னல்களைத் திறந்து வைப்பதே வழி. குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, மேலே எழும். அதற்கு உயரத்தில் உள்ள ஜன்னல் உதவும். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவித் தாழ்வான இடத்தில் தேங்கும்; அதற்கு வாசற்கதவு திறந்திருக்க வேண்டும். கைக்கெட்டினால் ரெகுலேட்டரையோ குழாயின் வால்வையோ மூடுங்கள். சீறும் சத்தம் கேட்டால் அதற்காகவும் நிற்காதீர்கள்.

கொஞ்ச நேரத்தில் வாடை போய்விட்டதே என்று திரும்பி வருவதும் ஆபத்து. ஒரே நாற்றத்தைத் தொடர்ந்து முகரும் மூக்கு மரத்துப்போகும். கேஸ் அங்கேயே இருக்கலாம். செல்போனையும் உள்ளே எடுத்துப் பேசாமல், எல்லாரையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்து, தள்ளி நின்று பேசுங்கள். இந்தியாவில் சிலிண்டர் கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906.